தரை தொடாத பின்சக்கரம்

ரோவீனா நேப்பியர் கார் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைவிட அந்தக் காருக்கு முன்னால் ஓடுவது பாதுகாப்பு. எங்கள் கென்டக்கி மலையில் ஹோபார்ட் காடிலின் பண்ணைக்கு ஏறிப் போகிற சரளைப் பாதையில் எத்தனை பள்ளம் உண்டோ அத்தனையிலும் அவர் தேடித் தேடி இறங்கினார். ஒரு பள்ளத்தில் என் தலை கூரையில் இடித்தது. அடுத்ததில் என் கையிலிருந்த காபி முழுவதும் சட்டைக்குப் போய்ச் சேர்ந்தது.

"மிஸ் ரோவீனா, காணாமப் போனது ஹோபார்ட் ஒருத்தர்தான். என்னையும் அந்தக் கணக்குல சேக்கணுமா?"

"வாயை மூடிட்டு வா டென்வர். அந்த மனுஷனுக்கு நேரம் இல்ல."

அது எனக்கும் தெரியும். எழுபது தாண்டிய ஹோபார்ட் சனிக்கிழமை காலையிலிருந்து காணோம். இன்று திங்கள். அவருடைய இருதய மாத்திரைப் புட்டி சமையலறை ஜன்னலில் அப்படியே இருந்ததாம். எங்கள் ஷெரிஃப் அரை நாளில் முடிவு கட்டிவிட்டார்: அக்காள் மகன் வேட் தாய்மாமனைக் கொன்று ஆற்றில் போட்டுவிட்டான். காரணம், வெள்ளிக்கிழமை தீவனக் கடையில் ஊரே பார்க்க இருவரும் சண்டை போட்டார்கள். சனிக்கிழமை காலையில் மாமனுடைய டிராக்டரில் உட்கார்ந்து மேய்ச்சல் நிலத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்தவனும் வேட்தான். இப்போது அவன் லாக்கப்பில். ஆற்றில் படகுகள்.

ஹோபார்டின் தங்கை லீத்தாவுக்கு இதில் நம்பிக்கை இல்லை. அதனால் எங்களைக் கூப்பிட்டாள். 'எங்களை' என்றால் துப்பறிகிறவர் ரோவீனா. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் பண்ணை விபத்துகளை விசாரித்தே தலை நரைத்தவர். நான் அவருடைய உதவியாள். இரண்டு பேருக்கும் சேர்த்துப் பயப்படுவது என் இலாகா.

"ஆத்துல இருக்கறவங்க பொணத்தைத் தேடுறாங்க. நாம ஆளைத் தேடுறோம்" என்றார் ரோவீனா, இன்னொரு பள்ளத்தில் இறங்கியபடி. "அதனால ஆத்துப் பக்கமே போகப் போறதில்ல."

"பொணமாக் கிடைச்சா?"

"அப்ப உனக்கு அரை நாள் லீவு."

கொட்டகை வாசலில் லீத்தா அந்த மாத்திரைப் புட்டியைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. உள்ளே அரையிருட்டில் அந்தச் சின்ன சிவப்பு டிராக்டர். பின்னால் மாட்டியபடியே, தூக்கி வைத்த நிலையில் புல்வெட்டி. தகரக் கூடாரம் மாதிரி ஒரு மூடி, அதற்கடியில் சுழல்கிற கத்தி, கடைசியில் ஒற்றைச் சக்கரம்.

"புல்லை வெட்டி முடிச்சு இங்க நிறுத்திட்டு வீட்டுக்குப் போயிட்டேன்னு வேட் சொல்றான்" என்றாள் லீத்தா. "ஆரம்பிக்கறப்ப மாமா வாசல்ல நின்னு கைகாட்டினாராம். அதுக்கப்புறம் பாக்கவே இல்லையாம். யாரு நம்புறாங்க?"

ரோவீனா டிராக்டரை ஒரு சுற்று சுற்றி வந்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு எப்போதும் ஒரே பொருள். ஏதோ ஆபத்தான இடத்தில் நான் ஏற வேண்டும்.

"மேல ஏறி புல்வெட்டியைக் கீழ இறக்குடா."

ஏறினேன். நெம்புகோலைத் தள்ளினேன். புல்வெட்டி முனகிக்கொண்டே இறங்கி, அதன் முன் விளிம்பு மண்தரையில் 'சரக்'கென்று குத்தி நின்றது. திரும்பிப் பார்த்தேன். பின்சக்கரம் அந்தரத்தில் தொங்கியது. தரைக்கும் அதற்கும் நடுவில் என் கை தாராளமாகப் போகும்.

"லீத்தா, அந்தச் சக்கரம் எங்க இருக்கணும்?" என்று கேட்டார் ரோவீனா.

"தரையில உருளணும். அதுதானே புல்வெட்டியைத் தாங்கிட்டு வரும்?"

"இப்படியே ஓட்டினா?"

"புல் எங்க வெட்டுறது? முன்பக்கம் மண்ணைத்தான் தோண்டும். நிலத்துக்கு மொட்டை போட்ட மாதிரி ஆயிடும்."

மூன்று பேரும் வாசல் வழியாக வெளியே பார்த்தோம். மேய்ச்சல் நிலம் முழுக்க ஒரே சீராக, கல்யாண வீட்டு ஜமுக்காளம் மாதிரி வெட்டிக் கிடந்தது. ஒரு இடத்தில்கூட மண் தெரியவில்லை.

"அப்ப வெட்டறப்போ சக்கரம் தரையில இருந்திருக்கு" என்றார் ரோவீனா. "அதுக்கப்புறம் யாரோ இதுல கை வெச்சிருக்காங்க."

புல்வெட்டியை டிராக்டர் மூன்று இடங்களில் பிடித்திருக்கும். கீழே இரண்டு பக்கமும் இரண்டு இரும்புக் கைகள். நடுவில் மேலே ஒரு திருகு ராடு, டாப் லிங்க். அந்த ராடைத் திருகி நீட்டினால் புல்வெட்டியின் பின்பக்கம் இறங்கும். சுருக்கினால் தூக்கும். இப்போது அது சுருங்க முடிந்த மட்டும் சுருங்கியிருந்தது.

"வேடே சுருக்கியிருக்கலாமே?" என்றேன்.

"டீசல் டாங்கைத் திற."

திறந்தேன். கழுத்து வரை டீசல் தளும்பியது.

லீத்தா சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியில் அழுகையானது. "வேடா? பொறந்ததுல இருந்து ஒரு வண்டியைக்கூட அவன் டீசல் ஊத்தித் திருப்பிக் குடுத்ததில்ல. வெள்ளிக்கிழமை கடையில சண்டை வந்ததே அதுக்குத்தான்! 'வாங்கிட்டுப் போனா நிரப்பிக் குடுக்கணும்னு உனக்கு யாரும் சொல்லித்தரலையாடா'ன்னு அண்ணன் கத்தினாரு."

எங்கள் மலைப்பக்கம் அது எழுதாத சட்டம். ஒருவன் டிராக்டரை இரவல் வாங்கினால் டாங்கை நிரப்பி, சேற்றைக் கழுவி, வாங்கும்போது பின்னால் என்ன மாட்டியிருந்ததோ அதையே மாட்டித் திருப்பி விடவேண்டும். குடித்துவிட்டு ரோட்டில் புரள்கிறவன்கூட இதில் தவற மாட்டான். வேட் ஒருத்தன்தான் விதிவிலக்கு. அதனாலேயே அவனுக்கு ஊரில் கெட்ட பெயர்.

"அப்ப வேடுக்குப் பிறகு மரியாதை தெரிஞ்ச ஒருத்தர் இந்த டிராக்டரை ஓட்டியிருக்காரு" என்றார் ரோவீனா. "டென்வர், டாப் லிங்கை நீட்டு. மெதுவா. மரையைப் பாத்துக்கிட்டே திருகு."

புல்வெட்டிக்கும் டிராக்டருக்கும் நடுவில் இருக்கும் சந்தில் என் உடம்பை நுழைத்தேன். அந்தச் சந்தில் நசுங்கிய ஆட்களைப் பற்றி ரோவீனா சொல்லாத கதை இல்லை. திருகத் திருக மரை வெளியே வந்தது. அதன் வளையங்களில் பச்சையும் பழுப்புமாக என்னவோ அப்பியிருந்தது. விரலில் தேய்த்து முகர்ந்தேன்.

"புல்லு. காய்ஞ்ச புல்தூள்."

"மூடிக் கிடக்கற மரைக்குள்ள புல்தூள் போகுமா?"

"போகாது. வெட்டறப்போ இந்த மரை வெளியே இருந்திருக்கு. அப்புறம் சுருக்கினப்போ தூளோட உள்ள போயிருக்கு." என்மேல் எனக்கே மரியாதை வந்தது.

"தூள் நிக்கிற இடம் வரைக்கும் திருகு."

புல்தூள் முடிந்து சுத்தமான கிரீஸ் தெரிந்த இடத்தில் நிறுத்தினேன். பின்சக்கரம் தரையில் வந்து உட்கார்ந்திருந்தது. புல்வெட்டியின் முன்பக்கம் பின்பக்கத்தைவிட ஒரு விரல்கட்டை தாழ்வு. புல் வெட்ட அதுதான் சரியான அளவு. வேட் அப்படித்தான் வைத்து ஓட்டியிருக்கிறான். பையன் சொன்னது அத்தனையும் உண்மை.

"லீத்தா, டாப் லிங்கை முன்ன இருந்த அளவுக்குச் சுருக்கி வெச்சு என்ன மாட்டுவீங்க?" என்றார் ரோவீனா.

"லெவலர்தான், மண்ணை வழிச்சுச் சமப்படுத்தற இரும்புத் தகடு. மண்ணைக் கடிச்சு இழுக்கணும்னா…"

அதற்குமேல் அவளால் சொல்ல முடியவில்லை. ஒரு மனிதரைக் காணோம். அவருடைய டிராக்டரால் யாரோ மண் இழுத்திருக்கிறார்கள். ஆற்றங்கரைக்கே போயிருக்கலாம் என்று தோன்றியது. அங்கே குறைந்தபட்சம் கூட்டமாவது இருக்கும்.

"ஹோபார்டுகிட்ட லெவலர் இருக்கா?"

"இல்ல. வேணும்னா வந்து…"

"எங்கிட்ட வாங்கிப்பான்" என்றது வாசலில் ஒரு குரல்.

நான் துள்ளியதில் ராடில் முழங்கை இடித்தது. வாசலில் நின்றவர் எவரெட் ஸ்லோன், அடுத்த பண்ணைக்காரர். எங்கள் திருச்சபையில் மூப்பர், அதனால் எல்லோருக்கும் 'பிரதர்'. வெளுத்த சட்டை, ஒழுங்காக வெட்டிய தாடி. ஒரு கையில் துணி போட்டு மூடிய பாத்திரம். தோளில் ஒரு சின்ன ரைஃபிள். ஆகஸ்டு மாதத்தில் புல்லுக்குள் விரியன் இருக்கும் என்பதால் இங்கே பாதிப் பேர் அப்படித்தான் நடமாடுவார்கள். இரண்டு நாளாகத் தேடும் கூட்டத்தை ஜெபம் பண்ணி நடத்துகிறவரும் அவர்தான்.

"பீன்ஸும் சோள ரொட்டியும் கொண்டாந்தேன் லீத்தா. நீ ஒண்ணும் சாப்பிட மாட்டேன்னு தெரியும்." அவர் கண் டாப் லிங்கில் இருந்த என் கைக்குப் போனது. "அதுவா விஷயம்? என் வேலைதாங்க அது. சனிக்கிழமை சாயங்காலம் தேடுறவங்க வண்டியெல்லாம் வருமேன்னு நான்தான் லெவலரை மாட்டிப் பாதையைச் சமப்படுத்தினேன். என் டிராக்டர் பட்டறையில கெடக்கு. அதான் ஹோபார்டோடதை எடுத்தேன். புல்வெட்டியைத் திரும்ப மாட்டறப்போ லிங்கை நீட்ட மறந்துட்டேன் போல. இருந்த மனநிலை அப்படி."

எனக்கு உயிர் வந்தது. அந்த நிமிஷத்தில் அந்த மனிதரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. மண் இழுத்தது பாதைக்கு. எல்லாம் சுபம். பீன்ஸ் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

"உங்களுக்கு எவ்வளவு நல்ல மனசு பிரதர்" என்றார் ரோவீனா, தேன் வழிய.

எங்கள் கென்டக்கியில் ஒரு பெண் அந்தக் குரலில் உங்கள் மனசைப் புகழ்ந்தால் பக்கத்தில் வெளியே போகிற கதவு எங்கே என்று பார்த்துக்கொள்வது நல்லது. எனக்குக் காரணம் புரியவில்லை. ஆனாலும் பின்வாசல் எங்கே என்று பார்த்துக்கொண்டேன்.

எவரெட் பாத்திரத்தை லீத்தாவிடம் கொடுத்துவிட்டு டிராக்டர் பக்கம் குனிந்தார். "பக்கச் சங்கிலி தளர்ந்திருக்கு. புல்வெட்டி ஆடும்" என்று அதை முறுக்கினார். பிறகு புல்வெட்டியைத் தாங்கும் வலதுபக்க இரும்புக் கையை ஏற்றி இறக்குகிற திருகுக்கு அவர் விரல் நீண்டது. "இதையும் சமமா வெச்சுடறேன்."

"விடுங்க பிரதர். டென்வர் பாத்துப்பான். அவனும் சம்பளம் வாங்கறானே."

அவர் கை திருகின்மேலேயே இருந்தது. ரோவீனாவைப் பார்த்தார். ரோவீனா சிரித்த முகமாக அவரைப் பார்த்தார். கொட்டகைக்கு வெளியே சில்வண்டுகள் கத்திக்கொண்டிருந்தன. யாராவது ஏதாவது பேசுங்களேன் என்று எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது.

"பாத்திரம் சூடா இருக்கு" என்றாள் லீத்தா. "பிரதர், நீங்களே கொண்டுபோய் அடுப்படியில வெச்சுடறீங்களா?"

எவரெட் கையை எடுத்தார். பாத்திரத்தை வாங்கிக்கொண்டு வீட்டை நோக்கி நடந்தார். நடுவில் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அவர் சமையலறைக்குள் போனதும் ரோவீனாவின் சிரிப்பு அணைந்தது.

"டென்வர், தலையில வீக்கம் இருக்கா?"

"எலுமிச்சம்பழம் அளவுக்கு."

"சட்டையில?"

"காபி…" சொல்லும்போதே எனக்கு உறைத்தது. "பாதை! நாம வந்த பாதை! முந்தாநாள் சமப்படுத்தினதா அது?"

"அந்தப் பாதையில லெவலர் பட்டு வருஷக் கணக்காகுது. அப்ப அவரு மண் இழுத்தது எங்க?" ரோவீனா புல்வெட்டியின் வலது மூலையைக் காலால் தட்டினார். "இதைப் பாரு. வலப்பக்கம் எவ்வளவு தாழ்ந்திருக்கு! பாதை போடறவன் டிராக்டரோட ரெண்டு கையையும் சமமா வெப்பான். வலது கையை மட்டும் இறக்கினா லெவலரோட வலது முனை மட்டும் கடிக்கும். ஒரு மேட்டோட ஓரத்தைச் செதுக்கி மண்ணைச் சரிக்கறவன்தான் இப்படி வெப்பான். இதை அழிக்கத்தான் கை நீட்டினாரு. லீத்தா, இந்தப் பண்ணையில டிராக்டர் ஒட்டிப் போற மாதிரி மேடு எங்க இருக்கு?"

லீத்தா பின்வாசல் பக்கம் கைகாட்டினாள். "பழைய வீட்டுகிட்ட. மேட்டைக் குடைஞ்சு அப்பா ஒரு நிலவறை கட்டினாரு. பீச் பழ ஜாடி, பீன்ஸ் ஜாடியெல்லாம் அண்ணன் இன்னும் அங்கதான் வெப்பாரு."

"அந்தப் பக்கம் தேடினது யாரு?"

லீத்தா வீட்டுப் பக்கம் பார்த்தாள். "பிரதர் எவரெட். 'அங்க நான் பாத்துட்டேன், ஒண்ணும் இல்ல'ன்னு சொன்னாரு."

எங்கள் பள்ளத்தாக்கில் கைப்பேசி வெறும் கடிகாரம்தான். கீழே சபைக் கட்டடத்தில் இருக்கிற போன்தான் கதி. ரோவீனா கார் சாவியை லீத்தாவின் கையில் திணித்தார். "ஷெரிஃபையும் ஆம்புலன்ஸையும் வரச் சொல்லு. அழாம ஓட்டு."

"கார் சத்தம் அவருக்குக் கேக்குமே" என்றேன்.

"கேக்கும். அதனாலதான் நாம ஓடப் போறோம். மண்வெட்டியை எடு."

கொட்டகையின் பின்வாசல் வழியாக ஓடினோம். ரோவீனாவுக்கு முழங்கால் வலி உண்டு. அன்று அது எங்கே போனதோ தெரியவில்லை. முதுகுக்குப் பின்னால் கார் கிளம்பிய சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து வீட்டுக் கதவு சாத்திய சத்தம். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கால் நின்றிருக்கும்.

பழைய வீட்டில் மிச்சம் இருந்தது புகைக்கூண்டு மட்டும்தான். அதற்குப் பின்னால் மேடு. மேட்டின் ஓரம் செதுக்கப்பட்டு, அடிவாரத்தில் புது மண் குவிந்திருந்தது. அதன்மேல் யாரோ வைக்கோலை நன்றாகப் பரப்பி விட்டிருந்தார்கள். மழையில் மண் கரையாமல் இருக்க இங்கே அப்படித்தான் செய்வோம். ஆளைப் புதைத்த இடத்திலும் வேலையை ஒழுங்காக முடித்திருக்கிறார். அதைப் பார்த்ததும்தான் எனக்கு அவரிடம் உண்மையான பயம் வந்தது.

மேட்டின் உச்சியில் ஒரு காற்றுக் குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. வாயில் தீவனச் சாக்கைச் சுருட்டி அடைத்திருந்தது. சாக்கைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் காதை வைத்தேன். ஒன்றுமில்லை. ஈரமண் வாசனை மட்டும் வந்தது.

"ஹோபார்ட்!" என்று கத்தினேன்.

டங்.

அலறிவிட்டேன். வெட்கப்பட ஒன்றுமில்லை, நீங்களும் அலறியிருப்பீர்கள். மறுபடி டங், டங் என்று, இரும்பில் இரும்பு படுகிற மெல்லிய சத்தம்.

"இருக்காரு! மிஸ் ரோவீனா, உசுரோட இருக்காரு!"

கீழே பாய்ந்து வெட்ட ஆரம்பித்தேன். ரோவீனா கையாலேயே மண்ணை வாரினார். வைக்கோலும் மண்ணும் கண்ணில் விழுந்தன. கதவின் மேல்சட்டம் தெரிந்தபோது பின்னால் குண்டேற்ற ரைஃபிளின் போல்ட்டை இழுக்கிற சத்தம் கேட்டது.

"போதும் தம்பி. மண்வெட்டியைக் கீழ போடு."

போட்டேன். கையும் தானாக மேலே போய்விட்டது. எவரெட் புகைக்கூண்டுப் பக்கம் நின்றிருந்தார். வேர்வையில் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. துப்பாக்கி எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஆடிக்கொண்டிருந்தது. பயந்த கையில் துப்பாக்கி இருப்பதைப்போல எனக்குப் பிடிக்காத விஷயம் வேறு கிடையாது.

"நான் அவனைத் தொடக்கூட இல்ல" என்றார் எவரெட். "ஜாடி எடுக்க உள்ள போனான். கதவைச் சாத்தினேன். அவ்வளவுதான்."

"கதவைச் சாத்தறது ஒரு நொடி வேலை பிரதர்" என்றார் ரோவீனா. அவர் கையைத் தூக்கவில்லை. மண்ணில் மண்டியிட்டபடியே இருந்தார். "அப்புறம் வீட்டுக்குப் போய் லெவலர் கொண்டாந்து, மாட்டி, திருகி, இவ்வளவு மண்ணு இழுத்திருக்கீங்க. ஏன்?"

டங், டங் என்றது குழாய். எவரெட் கண்ணை மூடித் திறந்தார்.

"ஏப்ரல்ல… பாலத்து வளைவுல, சைக்கிள்ல போன அந்தப் பொண்ணு…"

எங்களுக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். மோதியவன் யாரென்றுதான் யாருக்கும் தெரியாது. சவப்பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் எவரெட்டும் ஒருவர்.

"மழை. கண்ணு தெரியல. நான் நிக்கல. நின்னிருக்கணும், நிக்கல." அவர் குழாயைப் பார்த்தார். "மோதி உடைஞ்ச வண்டி விளக்கை நான் மாத்தி வெச்சிருந்ததை ஹோபார்ட் பாத்துட்டான். ஷெரிஃப்கிட்ட போகல. எங்கிட்டதான் வந்தான். 'ஞாயித்துக்கிழமை சபையில நீயே எழுந்து சொல்லு. நான் உன் பக்கத்துல நிக்கிறேன்'னான். அந்தப் பொண்ணோட அம்மா முன்வரிசையில உக்காருவா. அவ மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்லுவேன்?"

"அதனால இவருக்குச் சமாதி கட்டினீங்க."

"சத்தம் வராதுன்னு நெனச்சேன்."

டங் என்றது. எவரெட் துப்பாக்கியை ரோவீனாவுக்கு நேராகத் திருப்பினார். நான் நடுவில் பாய்ந்திருக்க வேண்டும். உதவியாள் என்றால் அதுதான் முறை. என் கால் ஒரு அங்குலம்கூட நகரவில்லை.

"கேட்டுக்கோங்க பிரதர்" என்றார் ரோவீனா. "இந்தச் சத்தம் வர்ற வரைக்கும் ஹோபார்ட் சாகல. உங்களுக்கு இன்னும் வழி இருக்கு. இது நின்னு போச்சுன்னா…"

சத்தம் நின்றது.

மூன்று பேரும் குழாயைப் பார்த்தோம். மறுபடி வரும் என்று காத்திருந்தோம். வரவில்லை. சில்வண்டுகூட அடங்கிவிட்டதுபோல் இருந்தது.

"தட்டுடா" என்றார் எவரெட் மெதுவாக. பிறகு தொண்டை கிழிய: "ஹோபார்ட்! தட்டுடா!"

துப்பாக்கி கீழே விழுந்தது. அவர் என்னை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு மண்ணில் விழுந்து இரண்டு கையாலும் பறித்தார். அவரளவுக்கு வேகமாக மண் தோண்டிய மனிதரை நான் பார்த்ததில்லை. நகம் பெயர்ந்து ரத்தம் வந்தது. ரோவீனா கண்ணைக் காட்டினார். துப்பாக்கியை எடுத்துக்கொண்டேன். எந்தப் பக்கம் பிடிப்பது என்று எனக்குச் சரியாகத் தெரியாது என்பதை யாரிடமும் சொல்லவில்லை.

கதவு பாதி தெரிந்ததும் எவரெட் மண்வெட்டியால் தாழ்ப்பாளை உடைத்தார். கதவு உள்பக்கம் சாய்ந்தது. புளித்த பழ வாசனையும் அடைபட்ட காற்றும் முகத்தில் அடித்தன. அவர் முதலில் நுழைந்தார். பின்னால் நாங்கள்.

சுவரோரம் ஹோபார்ட் சரிந்து உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு கரண்டி. சுற்றிலும் காலியான பீச் ஜாடிகள். உதடு நீலமாக இருந்தது. ரோவீனா மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துத் தலையசைத்தார். லீத்தாவின் கையில் இருந்த மாத்திரைப் புட்டி எப்போதோ ரோவீனாவின் பைக்குள் வந்திருக்கிறது. ஒரு மாத்திரையை ஹோபார்டின் நாக்கடியில் வைத்தார். நாங்கள் காத்திருந்தோம். எவரெட் வாய்விட்டு ஜெபம் பண்ண ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

ஹோபார்ட் கண் திறந்தார். வெளிச்சம் கூசியது போலும். தனக்கு மிக அருகில் மண்டியிட்டிருந்த முகத்தை வெகுநேரம் பார்த்தார்.

"எவரெட்டா?" குரல் காற்றாகத்தான் வந்தது. "மேடு சரிஞ்சு அடைச்சிடுச்சுடா. வேட் புல் வெட்டற சத்தம் கேட்டுச்சு. கத்திப் பாத்தேன். அவனுக்குக் கேக்கல."

எவரெட் அவர் சட்டையில் இருந்த மண்ணைத் தட்டிவிட்டார்.

"நீ வருவேன்னு தெரியும். உள்ள உக்காந்து அதைத்தான் சொல்லிக்கிட்டே இருந்தேன். எவரெட் தேடாம விடமாட்டான்னு." கையை நீட்டி, ரத்தம் வழிகிற அந்த விரல்களைத் தடவிப் பார்த்தார். "இன்னைக்கு என்ன கிழமை?"

கடைசியில் நான்தான் சொன்னேன். "திங்கக்கிழமைங்க."

ஹோபார்ட் கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்ப ஞாயித்துக்கிழமை போயிடுச்சா! உன் பக்கத்துல நிக்கிறேன்னு வாக்குக் குடுத்தேனே எவரெட். தனியா நின்னு சொன்னியா? என்னால வர முடியலடா. மன்னிச்சுக்கோ."

எவரெட் அவர் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விக்கி விக்கி அழுதார். ஹோபார்ட் காரணம் புரியாமல் அவர் தலையைத் தடவிக்கொடுத்தார்.